சலோமி அம்மா வாசலில் கொட்டிய பைகள்

என் கைபேசியில் சலோமி அம்மாவின் எண்ணை "செடி சலோமி ஜாக்கிரதை" என்று பதிந்து வைத்திருந்தேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாஷ்டாவுக்கு உட்கார்ந்த நேரம், திரையில் அந்தப் பெயர் வந்தது. எடுத்தேன். பேசியவர் அவர் இல்லை. அவரோடு வேலைக்கு வருகிற கஸ்தூரி.

"சார், அக்கா பூட்டாங்க சார்."

"எந்த அக்கா? எப்போ? யார் சொன்னது?" என்றேன்.

"இன்னா சார், யார் சொன்னதுன்னு கேக்கறீங்க? நான் பக்கத்துலதான் இருந்தேன். நர்சரியில தண்ணி ஊத்திக்கினு இருந்தாங்க. நெஞ்ச புடிச்சிக்கினு ஒக்காந்தாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிச்சி."

முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக நிலம் அளந்தவன் நான். ஒருவர் பாட்டன் சொத்து என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும், சங்கிலியைப் போட்டு அளக்காமல் நம்பியதில்லை. அந்தப் பழக்கம் சாவுச் செய்தியிலும் என்னை விடவில்லை. என் மனைவி வசந்தா தட்டைத் தள்ளி வைத்தாள். "செத்துப்போன மனுஷிகிட்டயும் விசாரணையா? எழுந்து சட்டைய மாட்டுங்க, போலாம்" என்றாள்.

சலோமி அம்மாவின் முப்பதாம் நாள் ஜெபத்தில் இதைக் கேட்கப் போகிறவர்களில் பாதிப் பேர் உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர்கள். சலோமி அம்மாவோடு வெயிலில் குழி வெட்டியவர்கள். மீதிப் பேர் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து என்னைப் போல வீடு கட்டியவர்கள். இரண்டு தரப்பும் இதில் உண்டு. உயிரோடு இருந்தவரை நான் அவரை "வா, போ" என்றுதான் பேசினேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் என்பது அதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. அவருடைய அப்பா எங்கள் கழனியில் நாற்றுப் பறித்தவர். இப்போது "அவர்" என்று எழுதும்போது கை கூசுகிறது. கூசட்டும்.

ஓய்வு பெற்ற பிறகு கடலோரத்தில் வீடு கட்டினேன். சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் தோட்டம் போட்டார்கள். பச்சைக் கம்பளம் மாதிரி புல், வெளிநாட்டுப் பனை, கலர் கலராகக் குரோட்டன்ஸ். மூன்றே மாதத்தில் உப்புக் காற்றில் எல்லாம் சுட்ட அப்பளமாகிப் போயின. "உரம் போடுங்கள்" என்றார்கள். ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவு கட்டி அனுப்பிவிட்டேன். வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சலோமி அம்மாவைப் பற்றிச் சொன்னார். நம்ம மண்ணுச் செடியை மட்டும்தான் வைப்பார், கூட நாலு பெண்களை அழைத்துக்கொண்டு உத்திரமேரூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவார் என்றார். என் சொந்த ஊர் உத்திரமேரூருக்கு நாலு கிலோமீட்டர். ஊர்க்காரி என்றதும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு, "பக்கத்து வீட்டுக்காரர் ஏன் இவ்வளவு சிபாரிசு செய்கிறார்?" என்றுதான் தோன்றியது.

முதல் நாள் வந்தவர் செடியைப் பற்றிப் பேசவே இல்லை. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து நனைத்தார். மனையின் நாலு மூலையிலும் குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைக் கட்டினார். "நாளைக்கி வர்றேன் சார். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வசந்தா செய்வினையோ என்று பயந்தாள். எனக்கு அந்தப் பயமில்லை. நாலு மூலையில் குச்சி நட்டால் ஒரு சர்வேயருக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம்தான்: எவனோ எல்லையில் கை வைக்கிறான். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நாலு குச்சியும் என் எல்லைக்குள்தான் இருந்தன. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் வந்து, காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார். கிழக்கு மூலைத் துணியை நக்கியதும் முகம் சுளித்தார்.

"இங்கதான் சார் உப்பு வந்து எறங்குது. இந்த மூலைக்கு மீசக்காரன் வேணும்."

மீசைக்காரன் என்று அவர் சொன்னது ராவணன் மீசைப் புல்லை. மணலில் ஓடி ஓடி வேர்விட்டு, பறக்கிற மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முரட்டுப் புல் அது.

"நம்ம ஊர்ல இருக்கறது ஏரி. கடலப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு மிந்தி ஏழு கோட செய்யூரு பக்கம் உப்பளத்துல உப்பு வாரிக்கினு கெடந்தேன் சார். காத்து எந்தப் பக்கம் உப்ப தூக்கிக்கினு போவும்னு என் காலுக்குத் தெரியும்."

அன்று சாயங்காலமே செய்யூரில் எனக்குப் பழக்கமான பழைய தலையாரி ஒருவரைப் போனில் பிடித்து விசாரித்தேன். அப்படி ஒரு பெண் உப்பளத்தில் வேலை செய்தது உண்மைதானாம்.

செம்மண் நாலு லோடு சொல்லி வைத்திருந்தேன். வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். "மணல்ல பொறந்ததுக்கு மணல்தான் சார் சோறு" என்றார். கடலைப் பார்த்த முதல் வரிசையில் ராவணன் மீசையும் அடும்புக் கொடியும். அதற்குப் பின்னால் தாழை. பக்கவாட்டு வேலிக்குப் பூவரசங்கிளையை வெட்டி நடும் போத்துகள். புன்னை எல்லாவற்றுக்கும் கடைசியில், வீட்டை ஒட்டி. வசந்தா மல்லிகை கேட்டாள். "ரெண்டு வருசம் பொறுத்துக்கோங்கம்மா. மொறைக்கறவன முன்னால நடணும், சிரிக்கறவன பின்னால நடணும். மாத்தி நட்டா ரெண்டு பேருமே போயிடுவாங்க" என்றார். அப்புறம் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "நம்ம சாரு கூட முன் வரிசைதான்" என்றார். நாலு பெண்களும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வசந்தா வாயை மூடிக்கொள்ளாமலே சிரித்தாள்.

வடக்கு வேலியில்தான் எனக்குப் பெரிய சந்தேகம். பக்கத்து வீட்டுக்கும் தோட்டம் போட்டது இவர்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் என்றால் எனக்கு அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? பூவரசு நட்ட அன்று அளந்து பார்த்தேன். கோட்டிலிருந்து சரியாக ஒரு முழம் என் பக்கம் தள்ளி நட்டிருந்தார்! திருடியைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி கூப்பிட்டு நிறுத்தினேன்.

"பூவரசு பெருக்கும் சார்," என்றார். "இன்னிக்கி கோட்டு மேல நட்டா, பத்து வருசத்துல ரெண்டு வூட்டுக்கும் சண்ட. அவரு பக்கமும் ஒரு மொழம் வுட்டுத்தான் நட்டுக்கீறேன். போய் அளந்து பாருங்க. நடுவுல காத்தும் போவும், பாம்பும் போவும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினு நிக்கவும் எடம் கீது."

போய் அளந்து பார்த்தேன். அங்கேயும் ஒரு முழம்தான். என் உத்தியோகக் காலத்தில் வேலிச் சண்டைக்காக அளக்கப் போன இடங்களில் ஒரு முழம் விட்டு நட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அவருடைய இன்னொரு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது, ஐந்து பேரும் கேட்டுக்கு உள்ளே வரிசையாக நிற்பார்கள். சலோமி அம்மா முதலில் தன் ஒயர் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தரையில் கொட்டுவார். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மாற்றுச் சேலை, வெற்றிலைப் பொட்டலம். பிறகு மற்ற நாலு பேரும் கொட்டுவார்கள். "பாத்துக்கோங்க சார்" என்பார். நாங்கள் யாரும் கேட்டதில்லை. எப்போதோ ஒரு வீட்டில் கம்மல் காணாமல் போய், இவர்களைக் கழிவறையில் நிற்க வைத்துச் சேலையை உதறச் சொன்னார்களாம். கம்மல் அப்புறம் அந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கிடைத்ததாம். அன்றிலிருந்து யாரும் கேட்பதற்கு முன்னால் தாமே கொட்டிவிடுவது என்று வைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைக்க மாட்டார். வசந்தா காபி கொடுத்தால் வாசற்படியிலேயே நின்று குடிப்பார்.

வசந்தா என்னிடம் பல தடவை சொன்னாள்: "வேணாம்மா, கொட்டாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்கற முத்தா கொட்டிடும்?" நான் சொல்லவில்லை. கேட்காமலே பையைக் கொட்டுகிறவர்களிடம்தான் ஏதோ இருக்கும் என்பது என் கணக்கு. தினமும் நின்று பார்த்தேன். டிபன் பாக்ஸ் மூடியைக்கூடப் பார்த்தேன்.

தோட்ட வேலை முடிந்து பத்து நாள் கழித்து, என் தூக்குக்குண்டைக் காணோம். வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கிய பித்தளைக் குண்டு; நூலில் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்துப் பார்ப்பது. ஹாலில் ஷோகேஸில் வைத்திருப்பேன். வீடு முழுக்கத் தேடினேன். அந்த வாரத்தில் எலக்ட்ரீஷியன் வந்து போயிருந்தார், ஏசி மாட்ட இரண்டு பேர் வந்திருந்தார்கள், சென்னையிலிருந்து என் மச்சான் குடும்பம் வந்து தங்கிப் போயிருந்தது. இவர்களெல்லாம் ஹாலுக்குள் நடமாடியவர்கள். இவர்களில் ஒருவர் நினைப்பும் எனக்கு வரவில்லை. வாசற்படி தாண்டாத, தினமும் பையைக் கொட்டிக் காட்டிய அந்த ஐந்து பேரின் நினைப்புதான் வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேரில் கேட்கிற தைரியம் இல்லை. எங்கள் சாலையில் எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் விஷயத்தில் சற்றுக் கவனமாக இருக்கவும்." பெயர் எழுதவில்லை, என்ன காணோம் என்றும் எழுதவில்லை. காபி ஆறுவதற்குள் ஏழு கட்டைவிரல் வந்துவிட்டது.

அதோடு அந்தச் சாலையில் அவர்களுக்கு வேலை நின்றுபோனது. சலோமி அம்மா ஒருநாள் போன் செய்தார்.

"சார், உங்க ரோட்டுல யாரும் கூப்புட மாட்டேங்கறாங்க. பாதி வேலையில நின்ன வூட்லகூட வேற ஆள வெச்சிட்டாங்க. நீங்க எதுனா கேள்விப்பட்டீங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

"சரிங்க சார். மீசக்காரன் எப்டி கீறான்? ஓடறானா?"

"ஓடறான்" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழிந்தது. போன மழைக்காலத்தில் புயல் காற்று அடித்து ஓய்ந்தபோது, எங்கள் சாலையில் நாலு வீட்டு முன்சுவர் வரைக்கும் மணல் வந்து ஏறியிருந்தது. என் வீட்டில் ஏறவில்லை. கிழக்கு மூலையில் ராவணன் மீசை அத்தனை மணலையும் பிடித்து முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி வைத்திருந்தது. ஒரு தாழை மட்டும் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்திக் கட்டலாமென்று மேட்டைத் தோண்டினேன். கடப்பாரை எதிலோ டங்கென்று பட்டது. கையை விட்டு எடுத்தேன். பச்சைக் களிம்பு ஏறிய தூக்குக்குண்டு. நூலின் மிச்சம் இற்றுப்போன ஒரு குச்சியில் சுற்றியிருந்தது. உப்புப் பார்க்க சலோமி அம்மா நட்ட அதே மூலைக் குச்சி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு, தினமும் நான் திருட்டுத்தனமாக வரிசையை அளந்து பார்ப்பேன். கடைசி நாள் மட்டும் குண்டையும் எடுத்துப்போய் நேர் பார்த்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் சாத்த ஓடினேன். குண்டைக் குச்சியில் மாட்டிவிட்டு ஓடியவன் நான்தான். அதன்மேல் மணலைச் சேர்த்தது அவர் நட்ட புல். அவரைச் சந்தேகப்பட்டு அளக்கப் போய்த்தான் அதைத் தொலைத்திருக்கிறேன்.

மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வசந்தா வந்து பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். "இன்னிக்கே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். நான் அன்றைக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றேன், பொங்கல் கழியட்டும் என்றேன். குழுவில் எழுதலாமென்று எடுப்பேன். ஏழு பேரும் என்ன நினைப்பார்கள் என்று வைத்துவிடுவேன்.

கடைசியில் ஒருநாள் குண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் போனேன். ஏரிக்கரை ஓரமாக வாடகைக்குப் பிடித்த கொஞ்சம் இடத்தில், தென்னங்கீற்று நிழலில் அவருடைய நர்சரி. என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். நாற்காலி போட்டார், டீ வாங்கிவரச் சொன்னார். "இன்னா சார், எளைச்சிப் பூட்டீங்க?" என்றார். பை என் மடியில் இருந்தது. வாயைத் திறந்தேன். "புன்னங்கன்னு ரெண்டு வேணும்" என்றேன்.

நல்லதாகப் பார்த்து அவரே எடுத்துவந்து காரில் வைத்தார். கிளம்பும்போது, உள்ளே கொண்டு போன பையை அப்படியே திரும்பக் கொண்டு வந்தேன். நர்சரியிலிருந்து வெளியே வரும் என் பையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. காரில் ஏறி மதுராந்தகம் தாண்டிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அடுத்த வாரம் திரும்ப வந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் கஸ்தூரியின் போன் வந்தது.

கல்லறையில் மண் போட்டுவிட்டு எல்லோரும் அவர் வீட்டு வாசலுக்குத் திரும்பினோம். கிளம்புகிற நேரத்தில் கஸ்தூரியும் மற்ற மூன்று பெண்களும் வழியனுப்ப எழுந்து வந்தார்கள். நான் அவர்கள் முன்னால் நின்று என் துணிப்பையைக் கவிழ்த்தேன். கண்ணாடிக் கூடு, மாத்திரை டப்பா, அதோடு குண்டு விழுந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். குழுவில் எழுதிய வரி, போனில் சொன்ன பொய், மணல் மேடு, ஒன்றையும் விடவில்லை.

கஸ்தூரி குனிந்து குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்கா சார்?" என்றார்.

குண்டை என் கையில் திருப்பி வைத்தார். பிறகு அவரே சொன்னார்.

"வேல நின்னதும் அக்கா இன்னா நெனச்சிச்சி தெரியுமா? நம்ம நட்டதுல எதுவோ பட்டுப்போச்சிடி, அதான் கூப்புட மாட்டேங்கறாங்கன்னு நெனச்சிச்சி. என்ன இட்டுக்கினு பஸ் ஏறி வந்து, நாங்க நட்ட வூட்டு மதிலாண்டயெல்லாம் நின்னு எட்டிப் பாத்திச்சி சார். உங்க வூட்டாண்டயும்தான். ஒண்ணுகூட பட்டுப்போவல. எல்லாம் ஜம்முனு நின்னுக்கினு இருந்திச்சி. வர்ற வழியெல்லாம், 'அப்பறம் இன்னாடி தப்பு பண்ணேன்'னு கேட்டுக்கினே வந்திச்சி. சாவற வரைக்கும் கேட்டுக்கினு இருந்திச்சி."

உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவன் நான். அவர் சந்தேகப்பட்டது தன் கைவேலையை மட்டும். என் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்று, நான் தெரிந்தே மறைத்த ஒன்றைச் செடிகளுக்கு நடுவே தேடியிருக்கிறார். நான் உள்ளே மின்விசிறிக்கு அடியில் இருந்திருப்பேன்.

"முப்பதாம் நாள் ஜெபத்துக்கு இத எழுதிக் குடுங்க சார். எங்களுக்கு மட்டும் சொன்னா பத்தாது, அந்த ரோட்டுக்காரங்களும் கேக்கட்டும்" என்றார் கஸ்தூரி. அதனால்தான் எழுதினேன்.

சலோமி அம்மாவுடையதாக என்னிடம் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு மூலையில் ஒரு மணல் மேடு. வடக்கு வேலியில் ஒரு முழம் தள்ளி நிற்கும் பூவரசுகள். அந்த இடைவெளியில் நின்று இப்போது நானும் பக்கத்து வீட்டுக்காரரும் பேசுகிறோம். இன்னும் நடாமல் வாசலில் நிற்கும் இரண்டு புன்னங்கன்றுகள். கைபேசியில் அவர் எண். அழிக்கவில்லை, பெயரை மட்டும் "சலோமி அம்மா" என்று மாற்றினேன். அப்புறம், "இன்னா தப்பு பண்ணேன்" என்ற அந்தக் கேள்வி. நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை அம்மா. பண்ணியவன் நான்.

இதையே இன்று காலை எங்கள் எட்டு வீட்டுக் குழுவிலும் எழுதினேன். இப்போது மாலையாகிவிட்டது. இதுவரை ஒரே ஒரு கட்டைவிரல்தான் வந்திருக்கிறது. அதுவும் வடக்கு வீட்டுக்காரருடையது. மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. புதன்கிழமை புன்னை நட கஸ்தூரியும் மற்றவர்களும் வருகிறார்கள். நட்டு முடிந்ததும் அவர்களோடு அந்த ஆறு வீட்டுக்கும் நடந்தே போகப் போகிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பை கொட்டப்படும். அது என் பை.